நூலகப் பேருந்தின் பேட்டரியும் நம் பொறுப்பும்

இலக்கிய வாசகர்களுக்காகப் பேட்டரியைப் பற்றி ஒரு கட்டுரை எழுத நேரும் என்று நாங்கள் எண்ணியதில்லை. புனைகதையும் பதிப்பு வரலாறும் பேசவேண்டிய இடத்தில் ஈயத்துக்கும் கந்தக அமிலத்துக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஏறத்தாழ இதையே கேட்டார். "புத்தகம் வாங்கச் சேர்த்த பணத்தில் பேட்டரி வாங்குவது முறைதானா? பேசாமல் பேருந்தை ஓரிடத்தில் நிறுத்தி அங்கேயே நூலகம் நடத்தினால் என்ன?" என்பது அவர் கேள்வி. அன்று கூட்டத்தில் சொன்ன விடை எங்களுக்கே நிறைவளிக்கவில்லை. எண்ணிப் பார்த்துச் சொல்ல விரும்பும் விடையை இங்கே எழுதுகிறோம். நூலகப் பேருந்து நடத்துவோரும் நடத்தக் கருதுவோரும் நம் வாசகர்களிடையே உண்டு என்பதால் எங்கள் பிழைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பள்ளி ஒன்று பயன்பாட்டிலிருந்து கழித்த பழைய பேருந்தை 2018-ஆம் ஆண்டு ஒருவர் எங்களுக்கு நன்கொடையாகத் தந்தார். இருக்கைகளைக் கழற்றிவிட்டு இருபுறமும் மர அலமாரிகள் அடித்தோம். நடுவில் பாய் விரித்தோம். விளக்கும் மின்விசிறியும், கதைசொல்லும் நிகழ்ச்சிகளுக்காக ஓர் ஒலிபெருக்கியும் வைத்தோம். சனி, ஞாயிறுகளில் பேருந்து வசதி குறைந்த எட்டு ஊர்களுக்குச் சென்று நூல் கொடுத்துத் திரும்புவது எங்கள் வழக்கம். அரசுப் போக்குவரத்தில் ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் சம்பளம் வாங்காமல் ஓட்ட முன்வந்தார். தொடக்க விழாவும் நன்றாகவே நடந்தது. நூல் தர, அலமாரி தர, வண்ணம் அடித்துத் தர என்று பலர் வந்தார்கள். பேட்டரிக்கு யார் பொறுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. யானையை வாங்கியவன் அங்குசத்தை மறந்த கதைதான்.

2020 மார்ச் மாதம் பொதுமுடக்கம் வந்தது. பேருந்து கல்லூரிக்குப் பின்புறம் வேப்பமரத்தடியில் நின்றது. வாரம் ஒருமுறை எஞ்சினை ஓடவிட்டு ஐந்து நிமிடத்தில் அணைத்துவிடும்படி காவலாளரிடம் சொல்லியிருந்தோம். அதுவே போதும் என்பது எங்கள் நம்பிக்கை. சில மாதங்களில் அதுவும் நின்றுபோயிற்று. 2021 நவம்பர் முதல் நாள் சிறு வகுப்புகளுக்கும் பள்ளிகள் திறந்தபோது நாங்கள் ஆவலோடு பேருந்தில் ஏறினோம். சாவியைத் திருப்பினால் ஒரு 'டிக்' ஓசை மட்டுமே வந்தது. இரண்டு பேட்டரிகளும் செத்திருந்தன.

இங்கே சிறிது அறிவியல் பேசியாக வேண்டும். நாம் இன்றும் வண்டிகளில் பயன்படுத்தும் ஈய-அமில பேட்டரியைப் பிரெஞ்சுக்காரரான காஸ்தோன் பிளாண்டே உருவாக்கியது 1859-ஆம் ஆண்டில். உ. வே. சாமிநாதையர் அப்போது நான்கு வயதுக் குழந்தை. ஈயத்தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும் சேர்ந்து மின்சாரம் தரும்போது தகடுகளின்மேல் ஈய சல்பேட் படியும். சார்ஜ் ஏற்றும்போது அந்தப் படிவு கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். சார்ஜ் குறைந்த நிலையிலேயே பேட்டரியை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் படிவு கெட்டிப் படிகமாகிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுவதும் கரைவதில்லை. ஒன்றும் செய்யாமல் நிற்கும் பேட்டரியும் தன் சார்ஜைத் தானே இழந்துகொண்டிருக்கும். வெப்பம் கூடக்கூட இழப்பும் விரைவுபடும். எடுத்துப் புரட்டாமல் பரணில் போட்ட சுவடியைச் செல் அரித்தது; இங்கே செல்லே அரிபட்டுப் போயிற்று.

எங்கள் பேருந்தில் இன்னொரு கசிவும் இருந்தது. பள்ளிக்காலத்தில் பொருத்திய ஜி.பி.எஸ். கருவியை யாரும் கழற்றியிருக்கவில்லை. அதுவும் ஒலிபெருக்கியின் சிறு சிவப்பு விளக்கும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போய்விடும். நூறு நாளில் அது 120 ஆகும். எங்கள் பேட்டரியின் கொள்ளளவே 150 ஆம்பியர்-மணிதான். வாரத்துக்கு ஐந்து நிமிட ஓட்டம் இதை ஈடுசெய்யாது. ஈய-அமில பேட்டரி தன் கடைசிப் பங்கு சார்ஜை மெதுவாகவே ஏற்கும். அதற்குச் சில மணி நேரம் வேண்டும். நின்றபடி மெல்ல ஓடும் எஞ்சினால் அது ஆகாத காரியம். நெடுநாள் நிற்கப்போகும் வண்டிக்கு இரண்டே வழிகள் உண்டு. பேட்டரியின் இணைப்பைத் துண்டித்துவிட்டு மாதம் ஒருமுறை சுவரிலிருந்து சார்ஜர் மூலம் முழுமையாகச் சார்ஜ் ஏற்றலாம். அல்லது வண்டியை உண்மையாகவே சாலையில் ஓட்டலாம்.

புதிதாக ஒரு ஜோடி வாங்கினோம். 25,000 ரூபாய்க்கு அருகில் ஆயிற்று. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2022 இறுதியில் ஒரு சனிக்கிழமை, நான்காவது ஊரில் நூல் கொடுத்து முடித்துக் கிளம்பும்போது மறுபடியும் அதே 'டிக்' ஓசை. தள்ளிப் பார்த்தோம், நூல்களோடு நிற்கும் பேருந்தை ஐந்தாறு பேர் தள்ளி நகர்த்த முடியவில்லை. அடுத்த ஊரில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு அவ்வூர்த் தலைமையாசிரியை தொலைபேசியில் அழைத்தார். "சார், பிள்ளைங்க இன்னும் மரத்தடியிலதான் உக்காந்திருக்காங்க. வருவீங்களா, வீட்டுக்கு அனுப்பிடட்டுமா?" என்று கேட்டார். அனுப்பிவிடும்படி சொன்னோம். அடுத்த வாரம் அங்கே போனபோது வழக்கமாக வருவோரில் பாதிப்பேர்தான் வந்திருந்தார்கள். திருப்பித் தரவேண்டிய நூல்களையும் பலர் கொண்டுவரவில்லை. பிள்ளைகள்மீது குறையில்லை. வராத பேருந்துக்காக ஒருமுறை இருட்டும்வரை காத்திருந்த குழந்தை மறுமுறை காத்திருக்க யோசிக்கத்தானே செய்யும்?

பேட்டரி விற்றவர்மீதே எங்கள் கோபமெல்லாம் திரும்பியது. ஓராண்டில் கெடும் பொருளை விற்றுவிட்டார் என்று பேசிக்கொண்டோம். ஓட்டுநர் மட்டும் ஒன்றும் பேசாமல் மல்டிமீட்டரை எடுத்து வந்து, பேட்டரிகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே அளந்தார். ஒன்றில் 11.9 வோல்ட், மற்றதில் 12.7 வோல்ட். பிறகு அவர் சொன்னார்: "சார், இது தானா கெட்டதில்ல. நாமதான் கெடுத்திருக்கோம்."

பெரிய டீசல் பேருந்துகளில் பெரும்பாலும் 24 வோல்ட் அமைப்புதான் இருக்கும். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து அந்த 24 வோல்ட்டைப் பெறுகிறார்கள். நாங்கள் வாங்கிய விளக்குகளும் மின்விசிறிகளும் ஒலிபெருக்கியும் 12 வோல்ட்டில் இயங்குபவை. உட்புற வேலை செய்த எலக்ட்ரீஷியன் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்துக் கொடுத்திருந்தார். விளக்கு எரிந்தது, நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டருக்கு, ஓட்டுநர்கள் வழக்கில் டைனமோவுக்கு, இரண்டின் கூட்டுத்தொகை மட்டுமே தெரியும். மொத்தம் 28 வோல்ட் வந்துவிட்டால் தன் வேலை முடிந்தது என்று அது நினைத்துக்கொள்ளும். இரண்டு பேட்டரிகளிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஆகவே விளக்குக்குக் கொடுத்துத் தேய்ந்த பேட்டரி என்றும் அரைவயிற்றோடு கிடந்து சல்பேட் படிந்தது. கொடுக்காத பேட்டரி அளவுக்குமேல் சார்ஜ் ஏறிக் கொதித்துத் தண்ணீரை இழந்தது. ஒன்று பட்டினியால் கெட, மற்றது மிகுதியால் கெட்டது.

இதில் எங்களை வருத்தியது வேறொன்று. 11.9-ஐயும் 12.7-ஐயும் கூட்டினால் 24.6 வருகிறது. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னுள்ள வோல்ட்மீட்டர் இத்தனை மாதமும் எந்தக் குறையும் காட்டாததற்கு அதுவே காரணம். வகுப்பின் சராசரி மதிப்பெண் நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்து, கடைசி வரிசையில் தோற்றுக்கொண்டிருக்கும் மாணவனைக் காணத் தவறிய ஆசிரியர்கள் எங்களில் உண்டு. பேட்டரியிலும் அந்தப் பிழையையே செய்திருக்கிறோம்.

கம்பியைச் சரியாக இழுத்திருந்தாலும் பிழை முற்றிலும் நீங்கியிருக்காது. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி வேறு, விளக்கெரிக்கும் பேட்டரி வேறு. முன்னதில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில நொடிகளுக்குப் பல நூறு ஆம்பியரை அள்ளிக் கொடுத்துவிட்டு ஓய்வதற்கென்றே செய்தது அது. 500 ஆம்பியர் வீதம் ஐந்து நொடி செல்ஃப் அடித்தாலும் செலவு ஓர் ஆம்பியர்-மணிக்குக் குறைவே. பின்னதில் தடித்த தகடுகள் இருக்கும். வீட்டு இன்வெர்ட்டருக்கு நாம் வாங்கும் டியூபுலார் பேட்டரி இந்த வகை. எங்கள் விளக்கு, விசிறி, ஒலிபெருக்கி மூன்றும் சேர்ந்து 90 வாட். நான்கு மணி நேர நிகழ்ச்சிக்கு 30 ஆம்பியர்-மணி ஆகிறது. பிள்ளைகள் வாசிக்கும்போது இரைச்சலும் புகையும் வேண்டாம் என்று எஞ்சினை அணைத்துவிடுவோம். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கிளப்பும் பேட்டரியின் ஐந்தில் ஒரு பங்கை நாங்கள் உறிஞ்சியிருக்கிறோம். ஓட்டப்பந்தய வீரனை மூட்டை சுமக்க வைத்துவிட்டு, பந்தயத்தில் தோற்றாய் என்று திட்டியது போலாயிற்று.

இப்போது விளக்கு முதலியவற்றுக்குத் தனியே ஒரு டியூபுலார் பேட்டரி வைத்திருக்கிறோம். சார்ஜ் ஏறும்போது ஈய-அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். அது தீப்பற்றும் வாயு. எனவே பேட்டரியைப் பிள்ளைகள் அமரும் பகுதிக்கு வெளியே காற்றோட்டமுள்ள பெட்டியில் பூட்டி வைத்துள்ளோம். அதற்கும் கிளப்பும் ஜோடிக்கும் இடையே எந்தத் தொடர்பும் கிடையாது. ஜோடிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டிருக்கிறோம். வண்டி நின்றதும் ஓட்டுநர் அதைத் திருப்பிவிட்டுத்தான் இறங்குவார். இரவு முழுதும் ஓய்ந்திருந்த பேட்டரிகளை மாதம் ஒருநாள் காலையில் தனித்தனியே அளந்து நோட்டில் எழுதுகிறோம். 12.6 வோல்ட்டுக்குமேல் இருந்தால் முழுச் சார்ஜ் என்று பொருள், 12.2 என்றால் பாதிதான்; 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜரில் போடுகிறோம். இரண்டுக்கும் வேறுபாடு தோன்றினால் உடனே காரணம் தேடுகிறோம். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுகிறோம். குழாய்த் தண்ணீரும் கடையில் விற்கும் குடிநீரும் ஆகா. அமிலத்தை ஒருபோதும் சேர்ப்பதில்லை. டெர்மினலில் பூத்த வெள்ளையைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, இறுக முடுக்கி, வேசலின் தடவுகிறோம். பேட்டரியைப் பழிக்குமுன் கம்பியையும் டெர்மினலையும் பார்க்கவேண்டும் என்பது ஓட்டுநரிடம் நாங்கள் கற்ற பாடம். தளர்ந்த ஒரு நட்டுக்காகப் பேட்டரி மாற்றியவர்கள் பலராம்.

மாற்றவேண்டிய நாளும் வரத்தான் செய்யும். முழுச் சார்ஜிலிருக்கும் பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அதன் காலம் முடிந்துவருகிறது என்று கொள்ளலாம். தொடராக இணைந்த இரண்டையும் ஒருசேர மாற்றுவதே முறை. இரண்டும் ஒரே தயாரிப்பு, ஒரே கொள்ளளவு, ஒரே வயதாக இருக்கவேண்டும். 2022-இல் கடைக்காரர் எங்கள்மீது இரக்கப்பட்டு, கெட்டதை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார். ஓட்டுநர் மறுத்துவிட்டார். பழையதோடு சேர்ந்த புதியதும் அதன் வயதுக்கு விரைவில் வந்துவிடும் என்றார் அவர். வாங்கும்போது பேட்டரியின்மேல் உள்ள தயாரிப்புத் தேதியைப் பார்க்கவேண்டும். கடை அலமாரியிலும் அது மூத்துக்கொண்டுதான் இருக்கிறது. கழற்றும்போது நெகட்டிவ் கம்பியை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் தொடவேண்டும். மாறிச் செய்தால் ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

பழைய பேட்டரியை என்ன செய்வது என்பதும் நூலகக்காரர்களின் கேள்விதான். காயலான் கடையில் சற்றுக் கூடுதல் விலை கிடைக்கும் என்று சிலர் சொன்னார்கள். அப்படிப் போகும் பேட்டரிகளில் பலவற்றின் அமிலம் சாக்கடையில் கொட்டப்படுகிறது. ஈயம் குடியிருப்புகளுக்கு அருகில் திறந்த உலையில் உருக்கப்படுகிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று வண்டி ஓட்டும் நாம், வேறெங்கோ ஒரு பிள்ளையின் அறிவை மழுக்கும் வேலைக்குத் துணைபோகலாகாது. மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைக்கின்றன. கடையிலேயே திருப்பிக் கொடுத்து, விலையில் கழித்துக்கொண்டு, ரசீதும் வாங்கிக்கொள்ளலாம்.

இனி மூத்த உறுப்பினரின் கேள்விக்கு வருவோம். நூல் வாங்கும் பணத்தில் பேட்டரி வாங்கலாமா?

1931-ஆம் ஆண்டு மன்னார்குடிப் பகுதியில் ஒரு நூலகம் ஊர் ஊராகச் செல்லத் தொடங்கியது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் தொடங்கிவைத்த அந்த நடமாடும் நூலகத்தை இழுத்தவை மாடுகள். மாட்டுவண்டி வைத்திருக்கும் எவரும் வைக்கோலை வீண்செலவு என்று கருதுவதில்லை. வண்டி நிற்கும் நாளிலும் மாடு தின்னும் என்பதும், தீனி போடாமல் கட்டிவைத்தால் பூட்டவேண்டிய நாளில் அது எழுந்து நிற்காது என்பதும் உழவர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். பேட்டரி கண்ணுக்குப் பெட்டியாகத் தெரிவதால் நாம் அதைப் பொருள் என்று எண்ணிவிட்டோம். நிற்கும் நாளிலும் அதற்குத் தீனி வேண்டும். அதற்கும் முதுமை உண்டு. அந்த முதுமைக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்குவது வைக்கோல் வாங்குவதற்கு ஒப்பான செலவே.

கணக்கும் பெரிதன்று. 25,000 ரூபாய் ஜோடி மூன்றாண்டு உழைத்தால் மாதம் ஏறத்தாழ 700 ரூபாய். அதை மாதந்தோறும் தனியே எடுத்துவைத்தால், பேட்டரி மாற்றும் நாளில் நூல் வாங்கும் பணத்தில் கைவைக்க நேராது. எங்களுக்கு நேர்ந்த இடர், பேட்டரி விலை உயர்ந்ததால் வந்ததன்று. மூன்றாண்டு கழித்து வரப்போவது தெரிந்த ஒரு செலவை, வரும் நாளில் பேரிடராகச் சந்திக்கும் பழக்கத்தால் வந்தது. விழாவுக்குக் கொடுக்க நம்மிடையே கைகள் பல உண்டு; பராமரிப்புக்குக் கொடுக்க ஒருவரும் முன்வருவதில்லை. வண்ணம் அடித்துக் கொடுத்தவர் பெயரைப் பேருந்தின் பக்கவாட்டில் எழுதினோம். டிஸ்டில்டு வாட்டர் வாங்கித் தருபவரின் பெயரை எங்கே எழுதுவது என்று நாங்கள் யோசித்ததே இல்லை. இது எங்கள் வட்டத்துக்கு மட்டும் உரிய குறையன்று. திறப்புவிழாக் கல்வெட்டோடு பூட்டிக் கிடக்கும் படிப்பகங்களைக் கண்ட எவரும் இதை ஒப்புக்கொள்வர்.

பேருந்தை ஓரிடத்தில் நிறுத்திவிடலாம் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. நிறுத்தினால் அது சக்கரம் வைத்த அறையாகிவிடும். எங்கள் ஊரில் அறைகளுக்கும் நூல்களுக்கும் பஞ்சமில்லை. அந்த எட்டு ஊர்களுக்கும் வந்து சேரும் நூலகம் எங்கள் பேருந்து ஒன்றே. அது வரும் என்று பிள்ளைகள் நம்பும்வரைதான் அது நூலகம்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு நாளும் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறோம். அந்தக் கடைசி ஊரில் பழைய எண்ணிக்கை திரும்ப எட்டு மாதமாயிற்று. திருப்பித் தராத நூல்களில் சில இன்னும் வரவில்லை. அவற்றைக் கேட்க எங்களுக்கு மனமில்லை. பேட்டரி நோட்டு இப்போது நூல் வழங்கு பதிவேட்டின் பக்கத்திலேயே, அதே அலமாரித் தட்டில் இருக்கிறது. நூலகப் பேருந்து நடத்தும் நண்பர்கள் தங்கள் வண்டியின் இரண்டு பேட்டரிகளையும் நாளைக் காலை ஒருமுறை தனித்தனியே அளந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.